மழையில் அடைத்த குழாய்

புனேயில் இருக்கிற என் ஆளுக்கு,

நீ ஏற்பாடு செய்த கார் கம்பெனி நேர்காணலுக்கு நான் வரவில்லை. மெக்கானிக்கல் படித்தவள் காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஓட்டுவதா என்று கேட்டாய்.

மழை வந்தால், வெள்ளத்தோடு கலந்தால் தெரியாது என்று, முதலாளி அந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சாயத் தண்ணீரைத் தனிக் குழாயில் வெளியே விடச் சொல்வார். நேற்றும் சொன்னார்: "தொறந்து விடும்மா. உங்க காலனிக் குட்டைக்குத்தானே போவுது, யாரு கேக்கப் போறாங்க?"

அந்தக் குழாயின் வாயில் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கினேன். பட்டுக்குச் சாயம் போடும் அக்காக்கள் எனக்குக் குடை பிடித்தார்கள். "என் மாமியா வாய்க்கும் ஒண்ணு போடும்மா" என்றாள் ஒருத்தி.

கழிவுநீர்த் தொட்டி நிரம்பிப் பட்டறைக்குள்ளேயே சாயத் தண்ணீர் ஏறியதும், இயந்திரத்தை ஓட்டச் சொல்லி முதலாளியே கத்தினார். ஓட்டினேன். இனி வராதே என்றும் சொன்னார்.

இன்று காலை போனேன். யாரும் தடுக்கவில்லை. அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

உன் இன்ஜினியர் பொண்டாட்டி