சிவப்பைப் பச்சையாக்கச் சொன்னார்கள்

என் தங்கக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்க நானும் அப்பாவும் நல்லபடியா இருக்கோம், அவரோட முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துது, மத்தபடி சுகம். நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாம இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன்ல நீ சொன்னதை நான் காதுல வாங்கலைன்னு நினைக்காதே. ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் கொடுத்துட்டுப் பழைய நாற்காலியில போய் உட்காரும்மா, ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு வீம்புன்னு கேட்டே. போன்ல பதில் சொன்னா நீ குறுக்கே குறுக்கே பேசுவே, கடுதாசின்னா முழுசாப் படிச்சுத்தான் ஆகணும், அதான் எழுதுறேன்.

எங்க கோழிக்கறி ஃபேக்டரிக்குப் போன வருஷம் ஒரு கம்ப்யூட்டர் கணிப்பு வந்துச்சுன்னு சொன்னேன் இல்லையா, அதைக் கொண்டுவந்தது வேற யாரும் இல்ல, சின்ன முதலாளியேதான். கோழி எந்தப் பண்ணையிலேர்ந்து வந்துச்சு, கழுவின தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு இருந்துச்சு, குளிர் அறைக்குள்ள எப்போ எவ்வளவு சூடு ஏறுச்சு, முன்னாடி எந்தச் சரக்கு கெட்டுப்போய்த் திரும்பி வந்துச்சு, அந்த டேட்டா எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து, இந்த லோடு இத்தனை நாள் தாங்கும்னு அது முன்கூட்டியே சொல்லும். தாங்கும்னா திரையில பச்சை, சந்தேகம்னா மஞ்சள், தாங்காதுன்னா சிவப்பு. சிவப்பு வந்தா லோடு வெளியே போகக்கூடாது. தரம் பார்க்கிற நானோ மேல பொறுப்புல இருக்கிறவங்களோ பாஸ்வேர்டைப் போட்டு மாத்தினாத்தான் பச்சையாகும், யார் மாத்தினாங்கன்னும் அதுல பதிவாகிடும். வர்ற ஆளையெல்லாம் அந்தத் திரை முன்னாடி நிறுத்தி, இனிமே எங்ககிட்டேர்ந்து கெட்ட கறி வெளியே போகவே போகாதுன்னு சின்ன முதலாளி மார்தட்டுவார். நான்கூட ஆரம்பத்துல இதென்ன ஜோசியமான்னு சிரிச்சவதான், ரெண்டு மூணு தடவை அது சொன்ன சரக்கே திரும்பி வந்ததும் வாயை மூடிக்கிட்டேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டாவது குளிர் அறையோட மோட்டார் மூச்சு வாங்கி வாங்கி ஓடியிருக்கு. மாத்தணும் மாத்தணும்னு மெக்கானிக் தலைபாடா அடிச்சுக்கிட்டும் கேட்பார் இல்லாத மோட்டார் அது. மறுநாள் காலையில நான் போய்த் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தா சரியாத்தான் காட்டுச்சு, கறியோட நிறமும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா திரை சிவப்பு. ஆறு நாள் தாங்கும்னு பாக்கெட்டுல அச்சடிச்சிருக்கோம், அதுவோ மூணாம் நாளே பாதிக்கு மேல கெட்டுடும்னு சொல்லுது. அந்த லோடு போகவேண்டியது மாணவர் விடுதிகளுக்கு. சின்ன முதலாளி வந்தார், அது வெறும் ஊகம், பச்சையாக்குங்கன்னார். நான் மாட்டேன்னேன். ஒரு பாக்கெட்டைக் கிழிச்சு என் மூக்குக்கிட்ட நீட்டி, நீங்களே மோந்து பாருங்க, வாடை வருதான்னு கேட்டார். வரலைன்னேன். வாடை வந்தப்புறம் சொல்றதுக்கு என் மூக்கு போதுமே சார், இவ்வளவு செலவு பண்ணி மெஷின் எதுக்குன்னு கேட்டேன். சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க, அதுதான் அவருக்கு ஆறலை. லாரிக்காரர் வேற, அக்கா சரின்னு சொல்லாம நான் வண்டியை எடுக்கமாட்டேன்னு சாவியைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார். கண்ணு, எனக்குப் பயமா இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன், இருந்துச்சு. ஆனா நாலு வருஷம் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை எனக்கு ஒருத்தன் இருக்கான், எந்த நெஞ்சோட அந்தப் பொத்தானை அமுக்குவேன்?

லோடு நின்னுபோச்சு. அதுலேர்ந்து பத்து பாக்கெட்டை எடுத்து வெச்சு மூணாம் நாள் எல்லாரும் பார்க்கத் திறந்தோம். நாலு நாறுச்சு, ஆறு நல்லா இருந்துச்சு. சின்ன முதலாளி நல்ல பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, பார்த்தீங்களா, பாதிக்கு மேல கெடும்னு சொன்ன மெஷின் பொய், உங்களால இவ்வளவு நஷ்டம்னார். நான் நாறினதைத் தூக்கிக் காட்டி, இதைத் தின்ன பிள்ளையோட அம்மாகிட்டப் போய் மீதி ஆறு நல்லா இருந்துச்சுன்னு சொல்வீங்களான்னு கேட்டேன். கையில இருந்த பாக்கெட்டை மேஜையில வெச்சுட்டுப் போயிட்டார். அடுத்த நாளே உத்தரவு வந்துச்சு, எல்லார் முன்னாடியும் எதிர்த்துப் பேசினதுக்கு மன்னிப்பு எழுதிக் கொடு, இல்லேன்னா அட்டைப்பெட்டிக் கிடங்குக்குப் போன்னு. நான் கிடங்குக்குப் போனேன். உங்கப்பாவுக்கு அன்னிக்கு என்மேல கோபம், சாயங்காலம் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து வெச்சுட்டு, சர்க்கரை போட்டிருக்கேன், கோபத்துல போடாம விடலைன்னார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்ச சமாதானம்.

என் நாற்காலியில கணக்குப் பிரிவு ஆள் ஒருத்தரை உட்கார வெச்சாங்க. முதலாளி ரூம்ல ஃபேன் ஓடலைன்னாலும் காத்து நல்லா வருது சார்னு சொல்ற மனுஷன், அதனால ஆமாஞ்சாமின்னுதான் கூப்பிடுவோம். போன சனிக்கிழமை அதே குளிர் அறை, மறுபடியும் சிவப்பு. ஆமாஞ்சாமி வேர்த்து விறுவிறுத்துக் கிடங்குக்கு ஓடி வந்தார், அக்கா, பச்சையாக்கச் சொல்றாங்க, என் பேர்ல பதிவாகுமே, என்ன பண்றதுன்னு கேட்டார். விரல் உங்களுது, நான் என்னத்தைச் சொல்றதுன்னேன். நேரா மேலே போய், சார் எனக்கு வயித்தைக் கலக்குதுன்னு சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டார். பொறந்ததுலேர்ந்து அவர் மாட்டேன்னு சொன்னது அன்னிக்குத்தான், அதையும் வயித்து மேல பழியைப் போட்டுச் சொன்னார், பாவம். பேக்கிங் பொறுப்பாளரைக் கேட்டாங்க, எனக்குப் பாஸ்வேர்டு தெரியாதுன்னார். ஷிப்டு சூப்பர்வைசர் கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன்னார். கடைசியில சின்ன முதலாளியே போய் உட்கார்ந்தார். அவர் பாஸ்வேர்டும் செல்லும், ஆனா அவர் பேரும் பதிவாகும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அத்தனை பேரும் கூடி நின்னோம், நானும் அட்டைக்கட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். விரலைக் கொண்டு போனார், எடுத்தார், மறுபடி கொண்டு போனார். அப்புறம் எழுந்து வந்து, யார் முகத்தையும் பார்க்காம, லாரியைக் காலியாத் திருப்பி அனுப்புங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

திங்கட்கிழமை புது மோட்டார் வந்து இறங்குச்சு. எனக்கு நாற்காலி திரும்ப வரலை. மன்னிப்பு எழுதினா இன்னும் கதவு திறந்துதான் இருக்குன்னு ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆள்கிட்டச் சொல்லி அனுப்பினாங்க. திறந்தே இருக்கட்டும், காத்தாவது வரும்னு சொல்லி அனுப்பினேன். இப்போ உனக்கும் அதே பதில்தான் அப்பனே, எழுதமாட்டேன். தப்புப் பண்ணினா யார் கால்ல வேணும்னாலும் விழுவேன், இதுல விழறதுக்கு எனக்கு இடுப்பு வளையாது. அம்மா பிடிவாதக்காரின்னு நீ உன் பெண்டாட்டிகிட்ட சொல்லிக்கோ, அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். கிடங்குல தூசி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, மூக்குல துணி கட்டிக்கிறேன், கவலைப்படாதே.

கடைவாய்ப் பல் வலிக்குதுன்னு சொன்னியே, போய்க் காட்டினியா? தள்ளிப் போடாதே. மருமகளை வேலை வேலைன்னு வெறும் வயித்தோட ஓடவேண்டாம்னு சொல்லு. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம, நாலு பேர் மெச்ச நல்லா இருங்க. உன்னையும் ஒரு நாள் யாராவது ஒரு பொத்தானை அமுக்கச் சொல்வாங்க, அன்னிக்குப் பயப்படாதேன்னு நான் சொல்லமாட்டேன். பயந்துக்கிட்டே மாட்டேன்னு சொல்லு, அது போதும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா,
அட்டைப்பெட்டிக் கிடங்கிலிருந்து