ஆஸ்டின் என்று சொல்லிவிட்டேன்

ஏப்ரல் 4, 1998. சனி. கேட்டி, டெக்சாஸ்.

காலையில் ஆலங்கட்டி மழை. கார் பானெட்டில் இரண்டு பள்ளம். புல் வெட்டும் வேலை நடக்கவில்லை.

மகள் அனிதாவுக்கு உள்ளூர் இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் இது கடைசி செமஸ்டர். கால்குலஸ், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டும் முடிந்தால் யூனிவர்சிட்டிக்கு மாற்றலாகிப் போக வேண்டியது எல்லாம் சரி. இதுவரை ஒரே ஒரு பி கிரேடு, மற்றதெல்லாம் ஏ. ஆஸ்டின் பெரிய யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போய்விட்டது. கெமிக்கல் எஞ்சினியரிங்கில் வெளியிலிருந்து எடுப்பது விரல்விட்டு எண்ணுகிற அளவு. பதில் இல்லை.

மாலையில் டாக்டர் சேவியர் ஃபோன். இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஈஸ்டர் விழா 19ஆம் தேதி. காலேஜ் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு ஷீல்டு கொடுப்பது அவர் பொறுப்பு. இரண்டு வருடம் முன்பு இதே விழாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் யூனிவர்சிட்டி பெயரை நிறுத்தி நிதானமாக வாசித்தவர், என் மகள் முறை வந்ததும் "இவ லோக்கல்லதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். பின்வரிசையில் ஒரு அம்மாள்: "பொம்பளப் பிள்ள, வீட்டோட இருக்கதும் நல்லதுதான்." மறக்கவில்லை. மறப்பதாகவும் இல்லை.

"அண்ணாச்சி, இந்த வருஷம் அனிதாவுக்கு என்னன்னு போடட்டும்?"

"ஆஸ்டின். கெமிக்கல் எஞ்சினியரிங்."

"அட, அட்மிஷன் வந்துட்டா?"

"வந்துட்டு."

ஃபோனை வைத்த பிறகும் கை அதன் மேலேயே.

ஏப்ரல் 7, செவ்வாய்.

புழுக்கம். ஆபீஸில், என்னிடம் வேலை கற்றவன் இப்போது எனக்கு மேலதிகாரி. என் ரிப்போர்ட்டில் கமா திருத்துகிறான்.

தபால் பெட்டியில் பீட்சா கூப்பன், மின்சார பில்.

சேவியரின் மனைவி வாழ்த்துச் சொல்ல ஃபோன் பண்ணியதில் என் மனைவி ரோசிக்கு என் பொய் தெரிந்துவிட்டது. சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "நல்ல சேதிய ஊர்ல சொல்லித்தான் நான் கேக்கணுமா? இத நீங்களே பிள்ளகிட்ட சொல்லிருங்க" என்றாள். சொல்லவில்லை. 19க்குள் பதில் வந்துவிட்டால் சொல்ல எதுவுமே இல்லையே.

வாங்க: கார் ஆயில், சிவப்பு மிளகாய், ஆஸ்பிரின்.

ஏப்ரல் 10, புனித வெள்ளி.

கஞ்சி மட்டும். தலைவலி. மூன்று மணி வழிபாடு. முடிந்து வெளியே வந்ததும், பார்க்கிங்கில், சேவியரின் மனைவி அனிதாவைக் கட்டிப்பிடித்து கங்கிராஜுலேஷன்ஸ் சொன்னாள். இன்னும் இரண்டு பேர். அனிதா எல்லாரிடமும் தாங்க்யூ ஆன்ட்டி, தாங்க்யூ ஆன்ட்டி. கார் ஃப்ரீவேயில் ஏறியதும்:

"அப்பா, வென் டிட் ஐ கெட் இன்?"

அட்மிஷன் வரத்தானே போகிறது என்றேன். வந்தால் அது தனக்கா, சேவியர் அங்கிளுக்கா என்று கேட்டாள், இங்கிலீஷில். அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லச் சொன்னாள். ரோசி ஜன்னலைப் பார்த்தபடி ஜெபமாலை உருட்டினாள். நான் லேன் மாறினேன். பின்னால் ஒருவன் ஹாரன்.

ஏப்ரல் 14, செவ்வாய்.

வெயில். யூனிவர்சிட்டிக்கு நானே ஃபோன் பண்ணினேன். பதில் மே மாதத்தில்தானாம். அந்தப் பெண் சொன்ன தோரணை, இதே கேள்வியைக் காலையிலிருந்து கேட்டுச் சலித்தவள் மாதிரி.

அனிதா என்னோடு பேசுவதில்லை. எல்லாம் ரோசி வழியாக. நான் சரி செய்யாவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுவாளாம். இரண்டு வருடம் காலை ஐந்தரைக்கு எழுந்து படித்ததை. மிரட்டல் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது.

சேவியர் வீட்டு நம்பரை அழுத்தினேன். அவர் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு.

மேகமூட்டம். தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். "நானும் அவளும் மட்டும் போய் நிக்கவா?" என்றாள் ரோசி. போனேன்.

சர்ச் ஹால். பிரியாணி, சின்னப் பிள்ளைகள் நடனம், மைக் கரகரப்பு. பிறகு ஷீல்டு. இரண்டு மூன்று பெயர்கள். அனிதா எழுந்து, யாரும் கூப்பிடாமலே மேடையோரம் போய் நின்றாள். அப்போதுதான் விளங்கியது, அவளே சேவியரிடம் பேசிவிட்டாள்.

சேவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அனிதா ஆஸ்டினுக்கு அப்ளை பண்ணியிருக்கா. கெடச்சிட்டுன்னு நான்தான் அவசரப்பட்டு நாலு பேர்ட்ட சொல்லிட்டேன். தப்பு என்னுது. எல்லாரும் எந்திரிங்க, பிள்ளைக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுவோம்."

நாற்காலிகள் உரசும் சத்தம். ஹால் முழுவதும் தலை குனிந்தது. நானும் குனிந்தேன். பின்வரிசை அம்மாளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. அனிதா மட்டும் நிமிர்ந்து நின்றாள். பார்வை என் மேல்.

அந்த ஆள் என்னை அவமானப்படுத்தியிருந்தால் பழைய கணக்கோடு சேர்த்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை.

கிளம்பும்போது பார்க்கிங்கில் சேவியர் செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். "ஷீல்டு முன்னாடியே அடிச்சாச்சு அண்ணாச்சி. வந்தப்புறம் நீங்களே குடுங்க." பித்தளைத் தகட்டில் அவள் பெயர், கீழே ஆஸ்டின். டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் போட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்.

தூறல். ஆபீஸில் கமாக்கள். வீட்டுக்கு வந்து தபால் பெட்டியைத் திறக்காமலே உள்ளே போனேன். அனிதா டைனிங் டேபிளில் கால்குலஸ் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அன்றைய தபால், அவளே எடுத்து வைத்தது. நான் ஷூவைக் கழற்றினேன். நிமிராமல் சொன்னாள்.

"இன்னும் வரலப்பா."