கழிவறைப் பூட்டும் என் பணியிடை நீக்கமும்

அனுப்புநர்:
ஏழாம் தடப் பேருந்தின் ஓட்டுநர்,
பணிமனைக் குடியிருப்பு.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துக் கழகம்.

பொருள்: சிறுநீர் அடைத்து வலியில் துடித்தவனை, வண்டியைக் கைவிட்டவன் என்று தண்டித்த கிளை மேலாளர் மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. புராஸ்டேட் சுரப்பி பெருத்து, சிறுநீர் வரும் பாதையை நெருக்குகிறது. இது புற்றுநோய் அல்ல, வயதான ஆண்கள் பலருக்கும் வருவதுதான் என்று பரிசோதித்த மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அடக்கி வைக்கவே கூடாது என்றும் சொன்னார்.

2. இதைக் கிளை மேலாளரிடம் சொல்லி, கடைசி நிறுத்தத்தில் பூட்டிக் கிடக்கும் கழிவறையைத் திறந்துவிடக் கேட்டேன். ஓய்வறையில் ஓட்டுநர்கள் எல்லோர் முன்னிலையிலும், "என்னய்யா, வண்டி ஓட்ட வந்தியா, ஒண்ணுக்குப் போக வந்தியா?" என்றார். அறையே சிரித்தது. கழிவறை பூட்டியபடியே கிடந்தது. மறுநாள் எனக்குக் கேன்சர் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்தில் உட்காரக்கூட ஆளில்லை.

3. போன மாதம் சளிக்கு நானே ஒரு மாத்திரை வாங்கி விழுங்கினேன். புராஸ்டேட் பெருத்தவர்களுக்கு அது சிறுநீரை அடைத்துவிடும் என்று எனக்குத் தெரியாது. நடுவழியில் அடிவயிறு கல்லாகிவிட்டது. பின்னால் வண்டி நிறைய ஜனம். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு பெட்ரோல் பங்க் கழிவறைக்குள் போனேன். ஒரு சொட்டு வரவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன் ஐயா. கதவைத் தட்டிய நடத்துநர், "அண்ணே, எல்லாரையும் அடுத்த வண்டியில ஏத்தி விட்டுட்டேன். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று தாங்கிக்கொண்டார். அங்கே குழாய் செருகித்தான் சிறுநீரை வெளியேற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்கலாம் என்றார்கள்.

4. படுக்கையில் கிடந்த என்னைத் தேடி வந்தது கிளை மேலாளரின் பணியிடை நீக்க உத்தரவு. பயணிகளை நடுத்தெருவில் விட்டேனாம். மயங்கி விழுந்து வண்டியை எங்காவது மோதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? தாங்களே அவரைக் கேளுங்கள்.

5. அன்று சிரித்த ஓட்டுநர்களில் மூவர் பிறகு தனித்தனியே என் வீட்டுக்கு வந்தார்கள். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அப்படித்தாண்ணே, சொட்டுச் சொட்டாப் போகுது. வெளிய சொல்ல வெக்கமா இருக்கு" என்றார். மற்ற இருவருக்கும் அதே கதை. பயப்படாமல் போய் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன்.

6. நான் இப்போது தேறிவிட்டேன். வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நீக்கத்தை ரத்து செய்யுங்கள். கிளை மேலாளரை விசாரியுங்கள். கழிவறையைத் திறக்க இன்றே உத்தரவிடுங்கள். இதைச் சலுகையாகக் கெஞ்சவில்லை, உரிமையாகக் கேட்கிறேன். அந்த மூவரும் வெட்கத்தை விட்டுவிட்டு எனக்குக் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஏழாம் தட ஓட்டுநர் (ஒப்பம்)
உடன் ஓட்டுநர்கள் மூவர் (ஒப்பம்)

இடம்: பணிமனைக் குடியிருப்பு
நாள்: ஜூன் 14