பெஞ்சுக்கு ஒரு மஞ்சள் அட்டை

மார்ச் 3, திங்கள்

கால்பந்துத் தகுதிச் சுற்றுக்கான பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பதினேழு வயதுக்குட்பட்ட நான்கு நாட்டு அணிகள், எல்லா ஆட்டமும் நம் மைதானத்தில். முதலிடம் வருகிற அணி மட்டும் இறுதிப் போட்டிக்குப் போகும். மற்ற மூன்றும் வீட்டுக்கு. நம் அணியின் பட்டியலில் கடைசி வரி நான்: "சலவை." முப்பத்தோரு வருஷம் சட்டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் என் கையில். அதற்கு இந்த மரியாதை.

பயிற்சியாளர் வேறு யாருமில்லை, என் மாப்பிள்ளைதான். கேட்டேன். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது மாமா." கம்ப்யூட்டருக்கும் என்மேல் என்ன பகையோ.

மார்ச் 7, வெள்ளி

விதிப் புத்தகத்தை மூன்றாம் முறை படித்து முடித்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறுபத்துநாலு பக்கம். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் யாரும் அதைப் பிரித்ததாகத் தெரியவில்லை.

சாப்பிடும்போது சொன்னேன்: புள்ளியும் கோலும் சமமாக வந்தால், எந்த அணிக்கு மஞ்சள் அட்டை குறைவோ அதுதான் மேலே.

"அவ்வளவு தூரமெல்லாம் போகாது மாமா."

"அப்பா, ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றாள் மகள்.

பையன்களிடமே சொன்னேன். நடுவரிடம் வாயாடினால் அட்டை, ஜாக்கிரதை. கோல்கீப்பர் கொக்கு கேட்கிறான்: "தாத்தா, நீங்க பேசுறதுக்கு எத்தனை அட்டை குடுக்கலாம்?" ஒரே சிரிப்பு.

மார்ச் 12, புதன்

வெள்ளைச் சட்டை அணியை 2-0 என்று வென்றோம். பச்சைச் சட்டைக்காரர்களும் கறுப்புச் சட்டை அணியை அதே 2-0. நம் பிசியோவுக்குக் காய்ச்சல். அடுத்த ஆட்டத்துக்கு பெஞ்சில் அவருடைய மருந்துப் பையைப் பிடிக்க ஆள் இல்லை. மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். "உட்காரணும் மாமா. உட்கார மட்டும்தான்."

மார்ச் 15, சனி

கறுப்பை 1-0. பச்சையும் வெள்ளையை 1-0.

எழுபதாவது நிமிடம். வெளியே போன பந்தைக் கறுப்புச் சட்டைக்காரன் கோட்டிலிருந்து எறிகிறான், பின்னங்கால் அந்தரத்தில். இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும், பக்கம் 41. நடுவர் பேசாமல் இருக்கிறார். எழுந்தேன். மாப்பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு, புத்தகத்தை விரித்தபடி கோடுவரை போனேன். நடுவர் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் அட்டை. எனக்கு.

ஆட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "அணி அதிகாரி – 1." சலவை இல்லை, அதிகாரி! முப்பத்தோரு வருஷமாக நம்மவர்களுக்கு மனம் வராததை, கண் தெரியாத ஒரு நடுவர் செய்துவிட்டுப் போனார்.

மார்ச் 18, செவ்வாய்

பச்சையோடு 1-1. இரண்டு பேருக்கும் ஏழு புள்ளி. போட்டது நான்கு, வாங்கியது ஒன்று. எல்லாமே சமம். யார் முதலிடம் என்று தெரியாமல் மைதானம் முழுக்க அறிவிப்புக்குக் காத்திருந்தது. நான் காத்திருக்கவில்லை. விரல்விட்டு எண்ணினேன். பச்சைக்கு மூன்று அட்டை. நம் பையன்களுக்கு மூன்று.

பெஞ்சில் வாங்கியதும் சேருமா?

சேரும். பக்கம் 19, கடைசி வரி. மூணு தடவ படிச்சேனே. மூணு தடவ படிச்சும் —

கொக்கு ஓடி வந்தான். "நாமதானே போறோம் தாத்தா? உங்களுக்குத் தெரியுமே." சட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

வீட்டில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

சங்கத்தில் விசாரணை. "அவரை பெஞ்சில உட்கார வெச்சது நான், பொறுப்பும் என்னோடது" என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். அவரை நீக்கப்போகிறார்கள். செயலாளர் எனக்குப் போன் செய்தார்: "பெரியவரே, தப்பு என்னோடது, அவர் தடுத்தும் நான் கேக்கலைன்னு எழுதிக் குடுங்க. அவரை விட்டுடலாம்."

எப்படி எழுதுவது? அந்தக் கறுப்புச் சட்டைக்காரன் காலைத் தூக்கினானா இல்லையா? இந்தக் கண்ணால பார்த்தேனே.

மகளிடம் கேட்டேன். "தூக்கினான்பா. யாரு இல்லேன்னா? அதுக்கு இவர் வேலை போகணுமா?"

மார்ச் 26, புதன்

எழுதிக் கொடுத்தேன். கால் விஷயத்தையும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை அடித்துவிடச் சொன்னார் செயலாளர். பத்து நிமிடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் டீ குடித்து முடித்தார். அடித்தேன்.

இனி மைதானத்துப் பக்கம் வர வேண்டாம் என்றும் சொன்னார்.

ஏப்ரல் 2, புதன்

மாப்பிள்ளை மறுபடி மைதானத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார். சலவைக்குப் புது ஆள். நீலச் சட்டைகளையும் வெள்ளைக் காலுறைகளையும் ஒன்றாக ஊறப்போட்டுவிட்டானாம். நாற்பது ஜோடியும் நீலம் பாய்ந்து கிடக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை சொல்லிவிட்டு நிறுத்தினார். மகளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று இருவரும் காத்திருந்தது தெரிந்தது.

தண்ணீர் குடித்தேன்.