உம்மாவின் தப்புக் கணக்கு நோட்டுகள்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலிக்குப் போட்ட ஊசி கேட்டதா? இங்கே மலேசியாவில், ஜொகூர் பாருவில் நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

எங்கள் நிறுவனம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஏஐ செயலியைச் செய்கிறது. அதற்கான தரவுகளை எங்கிருந்து எடுப்பது என்று பட்டியல் போடும் வேலை எனக்கு. சரியான விடைகள் எங்கும் கிடைக்கின்றன. பிள்ளைகள் எப்படித் தப்பு விடுகிறார்கள் என்பதுதான் கிடைப்பதில்லை. டியூஷன் பிள்ளைகளின் தப்புகளை நீங்கள் எழுதிவைத்த நோட்டுகளை முதல் வரியில் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

மேலாளர் பிரவீனா பட்டியலைப் படித்தார்.

“யாரோட நோட்டு இது?”

“எங்க உம்மாவோடது.”

“உம்மாவா இருந்தாலும் கேக்கணும் லா. பிள்ளைங்க பேரெல்லாம் இருக்குமே.”

இருக்கிறது. மாடியறைப் பாயில் உட்கார்ந்த எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கடல் காற்றில் தாள் பறக்காமலிருக்க நீங்கள் சாவிக்கொத்தை வைப்பீர்கள். அரையும் காலும் சேர்ந்தால் ஆறில் இரண்டு என்று நான் எழுதியபோது திட்டவில்லை. “ஏன் வாப்பா அப்படித் தோணுச்சு?” என்று கேட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டீர்கள். இங்கே யாரும் என்னை அப்படிக் கேட்பதில்லை.

விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், அந்த வரியை அடித்துவிடுகிறேன். சம்மதம் என்றால், பெயர்களை மறைத்துப் படமெடுத்து அனுப்பத் தங்கச்சி ஃபரீஹாவிடம் சொல்லுங்கள்.

என் பக்கத்தை மட்டும் கிழித்துத் தபாலில் அனுப்புங்கள். அதில் பெயரை மறைக்க வேண்டாம்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். துஆ செய்யுங்கள்.

உங்கள் மகன்,
பாசித்