உரிமையாளரில் மாற்றம் இல்லை

இன்று காலை என் கைப்பேசிக்கு வந்த செய்தி உங்களை 'டியர் சார்' என்று அழைத்தது. காரின் இன்ஷூரன்ஸ் அடுத்த வாரம் முடிகிறதாம், உடனே புதுப்பிக்க வேண்டுமாம். நீங்கள் போய் மூன்று வருடங்கள் கடந்துவிட்டன. அனுப்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய கணக்கில் உங்களை உயிரோடு வைத்திருந்தவள் நான்தான்.

ஒவ்வொரு வருடமும் கணினித் திரையில் ஒரு கேள்வி வரும்: உரிமையாளரில் மாற்றம் உண்டா? மூன்று முறையும் 'இல்லை' என்பதை அழுத்தினேன். உரிமையாளருக்கான விபத்துக் காப்பையும் விடாமல் எடுத்தேன். வாரிசு என்ற இடத்தில் என் பெயரை எழுத்துப் பிழை பார்த்து நிரப்பினேன். அடுத்தவர் கடிதத்தில் ஒரு காற்புள்ளி விடுபட்டால் பொறுக்காதவள், கான்வென்ட்டில் பொய்க்கு முட்டிபோட்டுப் பழகியவள், இதைச் செய்தேன். மகள் வருடா வருடம் சொன்னாள், பெயரை மாற்று என்று. வங்கி, பென்ஷன் எல்லாம் அவள் மாற்றியாயிற்று, கார் ஒன்றாவது இருக்கட்டும் என்றேன்.

நீங்கள் இருந்தபோது அந்தத் தாளை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் மறைப்பில் செருகுவீர்கள். ஒருமுறை கேட்டேன்: "இத்தனை வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. எதுக்கு இந்த தண்டம்?"

"இது நமக்கில்ல அம்மணி. எதுக்க வர்றவனுக்கு. அதனாலதான் கவர்மென்ட்டு கட்டாயம்னு வச்சிருக்கு."

"எதிர்ல வர்றவன் எனக்குச் சொந்தமா?"

"மோதுனதுக்கு அப்புறம் சொந்தந்தான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சென்ற மழைக்காலத்தில், புனேயை ஒட்டிய சிஞ்ச்வடில் நம் குடியிருப்பு சொசைட்டியின் கேட்டிலிருந்து வெளியே திரும்பும்போது, வலப்புறமிருந்து வந்த ஸ்கூட்டரை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று எழுத இப்போதும் கூசுகிறது. விழுந்த பெண்ணுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. உதிரிபாகத் தொழிற்சாலையில் பேக்கிங் செய்கிறவள். நாள் கூலி, கைதான் எல்லாம்.

அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவின் வாசலில் போலீஸ்காரர் வந்து என் பாலிசித் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஆஜி, காடி கோணாச்சி?" பாட்டி, வண்டி யாருடையது என்கிறார்.

"என் கணவருடையது" என்று மராத்தியில் சொன்னேன்.

"மக போலவா த்யான்னா." அப்படியானால் அவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு நிமிடம் என்று சொல்லி, நடைபாதையின் கோடிக்குப் போய், ஹடப்சர் ஆபீஸில் இருந்த மகளை அழைத்தேன்.

"அப்பா ஊர்ல இல்லன்னு சொல்லிடும்மா. அது பொய்யும் இல்லையே. ஒரு ஏஜென்ட்டப் பிடிச்சு நான் எல்லாம் மாத்திடறேன்."

"அந்தப் பொண்ணோட கை?"

"இறந்தவர் பேர்ல பாலிசின்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் கைய விரிச்சிடுவான்மா. அப்புறம் அவளுக்குத்தான் ஒண்ணும் கிடைக்காது. யோசி."

யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அவளுக்கு நஷ்டம் வரலாம். பொய்யைச் சொல்லி அது பின்னால் வெளிப்பட்டால் இன்னும் பெரிய நஷ்டம். எது எதைவிடக் குறைவு என்று கணக்குப் போட்டுக்கொண்டே திரும்பி வந்தேன். பெஞ்சில் துப்பட்டாவால் கையைக் கட்டித் தாங்கியிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அங்கிள் ஆ ரஹே ஹைன், ஆன்ட்டி?"

அங்கிள் வருகிறாரா என்று இந்தியில் கேட்கிறாள். நீங்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற முகம். என் முகமும் அத்தனை நாள் அப்படித்தான் இருந்திருக்கும்.

"தே வார்லே" என்றேன் போலீஸ்காரரிடம். அவர் இறந்துவிட்டார். அதை எந்த மொழியிலும் அதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போலீஸ்காரர் பாலிசித் தாளை விரலால் தட்டினார். "ஆணி ஹே?" அப்படியானால் இது?

"அது நான் செய்தது."

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதினேன். உங்கள் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போட்டபோது எழுத்து கோணிவிட்டது. அடித்துத் திருத்தவில்லை.

பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்தோம். ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போனேன். இடது கையால் டீ டம்ளரை நீட்டுவாள். கடைசியில் கம்பெனியின் கடிதம் வந்தது: என் காரின் சேதத்துக்கு எதுவும் கிடையாது, அந்தப் பெண்ணின் காயத்துக்குச் சட்டப்படி அவர்கள் பொறுப்பு. இரண்டு முறை படித்தேன், பிழை தேடாமல்.

வண்டியின் ஆர்.சி. புத்தகம் இப்போது என் பெயரில். அந்தச் செய்தி வந்ததும் இன்று கணினி முன் உட்கார்ந்தேன். அதே கேள்வி. 'உண்டு' என்று அழுத்தினேன். காரணம் கேட்டது: விற்பனை, அன்பளிப்பு, மரணம். மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க நேரம் பிடித்தது.

புதிய தாளை நான்காக மடித்து உங்கள் உறையில் செருகினேன். உங்கள் பழைய தாளையும் எடுக்கவில்லை, பின்னால் இருக்கட்டும். முன்பக்க நசுங்கலையும் சரிசெய்யவில்லை. கேட்டில் நிறுத்தி வலப்புறம் பார்க்கிறேன். பிறகு இன்னொரு முறை பார்க்கிறேன், சொந்தக்காரர் யாராவது வருகிறார்களா என்று.