எல்லா அம்மாக்களும் வரலாம்

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் பன்னீர் வாசனை. புதிதாக வந்திருக்கும் டீச்சர் ஒருத்தி, பன்னீர்ச் செம்பு சரியாக வேலை செய்கிறதா என்று கூடம் முழுக்கத் தெளித்துப் பார்த்திருக்கிறாள். நீ எனக்குப் பின்னால் நிற்கிறாய் என்று நிச்சயமாகத் தோன்றியது. திரும்பியும் பார்த்துவிட்டேன். சிரிக்காதே. நீ போன பிறகு ஒவ்வொரு சங்கராந்திக்கும் இப்படித்தான் திரும்பிப் பார்க்கிறேன். கழுத்து வலிதான் மிச்சம்.

கட்கியில் இந்தத் தொடக்கப் பள்ளிக்கு நாம் வேலைக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். இரண்டு பேருடைய அப்பாக்களும் ஃபேக்டரி வேலைக்காகப் புனேவுக்கு வந்தவர்கள். உன் வீட்டில் வேலூர்த் தமிழ், என் வீட்டில் திருநெல்வேலி. ஆசிரியர் அறையில் நாம் தமிழில் பேச ஆரம்பித்தால், தங்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட.

உன் இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் இடம் வாரத்துக்கு வாரம் மாறும். ஆபீசர் மகளுக்குப் பக்கத்தில் பாத்திரம் தேய்ப்பவளின் மகள் வந்த வாரம், அந்த ஆபீசர் சண்டைக்கு வந்தார். "அடுத்த வாரம் உங்க பொண்ணுக்கு ஜன்னல் ஓரம் வருது சார், அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று ஹிந்தியில் தேனாகப் பேசி அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். இந்த வாரம் எதுவும் மாறாது என்பது அவருக்கு வாசல் தாண்டிய பிறகுதான் புரிந்திருக்கும்.

நமக்குப் பொங்கல் முடிந்த கையோடு இங்கே ஹள்தி-குங்கு வந்துவிடும். பிள்ளைகளின் அம்மாக்களைக் கூடத்தில் விரிப்பில் உட்கார வைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, எள்ளுருண்டையும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் கொடுத்து அனுப்புவோம். சுமங்கலிகளுக்கு மட்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புருஷன் இல்லாதவர்கள் வரமாட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அத்தையையோ பக்கத்து வீட்டுக்காரியையோ கூட்டி வரும். அதுவும் இல்லாத பிள்ளை தூணில் சாய்ந்து நின்று மற்றவர்களின் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தத் தூண் உன்னை உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வருடம் உன் வகுப்பில் சொல்லிவிட்டாய், யாருடைய அம்மாவும் வீட்டில் இருக்கக் கூடாது, கையைப் பிடித்து இழுத்து வாருங்கள் என்று. உன் பிள்ளைகளுக்கு நீ சொன்னால் வேதவாக்கு. சுனிதா அப்படியே செய்தாள். அவளுடைய அப்பா இறந்து வெகு நாளாகவில்லை. அவளுடைய அம்மா என்ன செய்தாள் என்பதுதான் நாம் எதிர்பார்க்காதது. பெண்ணுக்கு அவமானம் வரக் கூடாது என்று நெற்றியில் பெரிதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு, கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நீ தட்டோடு அவளிடம் போன நேரத்தில், பின்னாலிருந்து ஒருத்தி அடையாளம் கண்டுவிட்டாள். "ஹிச்சா நவரா கேலா நா?" இவள் புருஷன்தான் போய்விட்டானே என்று சத்தமாகக் கேட்டாள். சுனிதாவின் அம்மா தலையைக் குனிந்து, நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டி எடுத்தாள். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சுனிதா அம்மாவையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நீதானே கூட்டி வரச் சொன்னாய்?

நீ தட்டை என் கையில் கொடுத்தாய். முந்தானையால் உன் நெற்றிக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாய். அவள் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாய்.

"இன்னாடி பாக்கற? ரெண்டு பேருக்கும் வை. மொதல்ல அவங்களுக்கு."

புருஷன் இருக்கிறவள், அதுவும் நாளும் கிழமையுமாக, தன் கையால் பொட்டை அழிப்பாளா? இருந்தும் வைத்தேன். அவளுக்கு முதலில், பிறகு உனக்கு. சில அம்மாக்கள் எழுந்து போனார்கள். போகாதவர்கள்தான் அதிகம் என்று நீ பிற்பாடு அடித்துச் சொல்வாய். நான் போனவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் முறையையே மாற்றினாய். தலைமையாசிரியை, நம் பெரிய மேடம், முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படின்னா அழைப்புல அம்மாக்கள்னு போடாதீங்க மேடம், புருஷன் இருக்கற அம்மாக்கள்னு போடுங்க. பிள்ளைங்களே படிச்சிக்கட்டும்" என்றாய். அதற்கு மேல் அவர் என்ன பேசுவார்? தட்டில் குங்குமத்தோடு சந்தனம், பூ, அத்தர் எல்லாம் வைத்தோம். ஒவ்வொரு அம்மாவிடமும் எது வேண்டும் என்று கேட்டு, அவள் காட்டியதைக் கொடுத்தோம். ஷபானாவின் அம்மா பூவைக் காட்டினாள். மரியாவின் அம்மா அத்தருக்குப் புறங்கையை நீட்டினாள். சுனிதாவின் அம்மா சந்தனம் போதும் என்றாள். அன்றைக்குத் தூணில் எந்தப் பிள்ளையும் சாய்ந்து நிற்கவில்லை. அன்று நீ எவ்வளவு அழகாக இருந்தாய் தெரியுமா? எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த மழைக்காலத்தில் உன் வீட்டுக்காரர் போய்விட்டார். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கப் போனவர், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். காரியம் முடிவதற்குள் பேச்சு கிளம்பியது. நல்ல நாளில் தன் கையாலேயே அழித்துக்கொண்டாள், இப்போது பார் என்று. ஆசிரியர் அறையில் அதை நான் மராத்தியில் கேட்டேன், ஹிந்தியில் கேட்டேன், கடைசியில் கடைத்தெருவில் தமிழிலும் கேட்டேன். ஒருத்தியோடு எனக்குக் கைகலப்பு ஆகாதது அவள் செய்த புண்ணியம்.

ஜனவரி வந்தது. ஹள்தி-குங்கு அன்று மட்டும் உன்னை வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார் பெரிய மேடம். நீ சண்டை போடுவாய் என்று காத்திருந்தேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய். அன்று நான் தட்டைப் பிடித்தேன். சுனிதாவின் அம்மா கூடம் முழுக்கக் கண்ணால் தேடிவிட்டு, "பாயி ஏன் வரல்ல?" என்று மராத்தியில் கேட்டாள். பாயி என்றால் அவர்களுக்கு டீச்சர், அதாவது நீ.

தட்டோடு நேரே உன் வீட்டுக்கு வந்தேன். எள்ளுருண்டையை எடுத்துக்கொண்டாய். குங்குமச் சிமிழைப் புறங்கையால் தள்ளினாய்.

"வேணாம்டி."

"நீ சொன்னதுதான எல்லாருக்கும்? இப்ப இப்படிச் சொல்லுத?"

"சொன்னது பொய் இல்லடி. மத்தவங்கன்னா வாய் வருது. எனக்குன்னா பயமா கீது." கொஞ்ச நேரம் எள்ளுருண்டையையே உருட்டிக்கொண்டிருந்தாய். "கலா, அன்னிக்கு நான் அழிக்காம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரா?"

"கூறு கெட்டுப் போச்சா உனக்கு? அவுகளுக்கு எவ்வளவு நாளா நெஞ்சு வலி இருந்துச்சு!"

"தெரியும்டி. தெரிஞ்சேதான் கேக்கறேன்."

அதற்கப்புறம் நீ அதைப் பேசவே இல்லை. பள்ளிக்கு வந்தாய், பிள்ளைகளை இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்தாய், அப்பாக்களிடம் வழக்கம்போல் வம்பு வளர்த்தாய். ஒவ்வொரு ஜனவரியிலும் சந்தனம் கரைத்து, பூ தொடுத்து, தட்டை நீயே அடுக்குவாய். முதல் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போது பின்பக்கக் கதவு வழியாகப் போய்விடுவாய். உள்ளே எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்தக் கதவு மட்டும்தான் கண்ணில் தெரியும். உலகத்தையே உள்ளே கூப்பிட்டுவிட்டு நீ மட்டும் வெளியே போனாயே, அதை என்னால் தாங்க முடிந்ததில்லை.

நீ போன அன்று உன்னை உன் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்ததாம், ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. நெற்றியில் திருநீறு மட்டும். நான் குங்குமத்தில் விரலைத் தோய்த்தபோது உன் நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டீச்சர், வேணாங்க. அவருதான் போய்ட்டாரே."

கையை உதறிக்கொண்டு வைத்தேன், பெரிதாகவே வைத்தேன். அவள் அழுதுகொண்டே ஈரத் துணியால் துடைத்தாள். முழுவதும் போகவில்லை, சிவப்பாக ஒரு தடம் நின்றுவிட்டது. அப்படியேதான் உன்னைத் தூக்கிப் போனார்கள்.

அன்று எனக்கு அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்று உன் வாயால் எனக்குச் சொல்லியிருந்தாய். இன்னொரு தடவை சொல்ல முடியாமல் நீ கிடந்தபோது வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன் பயத்தைத் துடைத்தேனா, உன் பேச்சைத் தட்டினேனா? நாத்தனார் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது.

மத்தியானம் அம்மாக்கள் வந்துவிடுவார்கள். தட்டை நீட்டி ஒவ்வொருத்தியிடமும் கேட்பேன், அவளாகக் காட்டும்வரை காத்திருப்பேன். எவ்வளவு நேரம்தான் நிற்பாள் இந்தக் கிழவி என்று இளசு டீச்சர்கள் எரிச்சல்படுகிறார்கள். படட்டும். ஒருத்தியை மட்டும் கேட்காமல் தொட்டேன். அவள் நெற்றியின் குளிர் இந்த விரலை விட்டு இன்னும் போகவில்லை.